கூண்டின் உயரம் இரண்டடி

மாரிச்செல்வி புகார் மனு ஒன்று அடித்துத் தரச் சொல்லிக் கடைக்கு வந்தபோது, அது எந்த வீட்டைப் பற்றியது என்று அப்துல் ஹாதிக்குத் தெரியாது.

உச்சிப்புளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஒற்றை ஷட்டர் கடை அவனுடையது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, மனு டைப் அடிப்பது என்று காலை ஒன்பது மணியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மனு அடிக்க வருகிறவர்கள் அநேகமாக அழுதுகொண்டு வருவார்கள், இல்லையென்றால் கொதித்துக்கொண்டு வருவார்கள். இந்த அம்மாளிடம் அந்த இரண்டும் இல்லை. கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவசரமில்ல தம்பி, முன்னால வந்தவங்கள அனுப்பிட்டு வாங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

தெரிந்த முகம்தான். மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுமடம் கடற்கரை வரை வீடு வீடாக ஏறி இறங்குவாள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம். லைன்மேனாக இருந்த புருஷன் பணியில் இருக்கும்போதே இறந்துபோக, வாரிசு வேலையாக இது கிடைத்தது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலோ மழையோ, நீளக் குடை ஒன்று எப்போதும் கையில் இருக்கும்.

கூட்டம் வடிந்ததும் ஹாதி கீபோர்டை இழுத்துக்கொண்டான். "சொல்லுங்கக்கா. யார் மேல மனு?"

"ஒரு நாய்க்காகத் தம்பி."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அவள் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். பெறுநர், பொருள் எல்லாம் அவளே ஒழுங்காகச் சொன்னாள். வளர்ப்பு நாயைப் போதிய இடமில்லாத கூண்டில் அடைத்து வைத்திருப்பது தொடர்பாக. அடுத்த வரிக்கு வந்தாள். "புதுமடம் கிழக்குத் தெரு, கதவு எண் நாலு பை நூத்தி எழுபத்திநாலு. கத்தார்ல இருக்கிற இஃப்திகார் என்பவரோட பூட்டின வீடு."

ஹாதியின் விரல் நின்றது. இஃப்திகார் அவன் மச்சான், மனைவி மர்வாவுடைய அண்ணன். போன வருஷம் லீவில் வந்திருந்தபோது அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளில் திருட்டுப் போயிருந்தது. காவலுக்கு இருக்கட்டும் என்று மூன்று மாத ராஜபாளையம் குட்டி ஒன்றை வாங்கினான். வெல்டிங் பட்டறையில் சொல்லி அதற்கு ஒரு கூண்டு செய்து, ரீடிங் எடுக்க வருகிறவர்களுக்காகப் பூட்டாமல் விட்டிருக்கும், மீட்டரும் மோட்டாரும் உள்ள பக்கச் சந்தில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். சாவிக்கொத்தை ஹாதி கையில் கொடுத்து, "ரெண்டு நாளைக்கு ஒருக்கா சோறு வச்சிரு மாப்ள, நாய் தாங்கும்" என்று சொல்லியிருந்தான். ஹாதியும் அந்தக் கணக்குத் தவறாமல் வைத்து வந்தான்.

அவன் 4/147 என்று அடித்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

"இனி வாரதை ரீடிங் மாதிரியே தேதி போட்டு எழுதியிருக்கேன். அப்படியே அடிங்க தம்பி."

டிசம்பர் ஒன்பது: குட்டி கூண்டுக்குள் நிமிர்ந்து நிற்கிறது. பிப்ரவரி பத்து: தலை மேல்கம்பியில் இடிக்கிறது, உடம்பைச் சுருட்டித் திரும்ப முடிகிறது. ஏப்ரல் எட்டு: நிற்க முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கூண்டின் நீளம் மூன்றரை அடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி. மேலே தகரம். பகல் பன்னிரண்டு மணி. பாத்திரத்தில் தண்ணீர் இல்லை. ஏப்ரல் ஒன்பது, பத்து, பதினொன்று: வேலை முடிந்து வந்து பார்த்தேன். பத்தாம் தேதி மட்டும் சோறு இருந்தது. தண்ணீர் மூன்று நாளும் நான் ஊற்றினேன்.

பத்தாம் தேதி சோறு வைத்தது ஹாதிதான். தண்ணீர்ப் பாத்திரத்தில் கொஞ்சம் மிச்சம் கிடந்ததைப் பார்த்து, நாய் சரியாகக் குடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றாமலே திரும்பியது அவனுக்கு ஞாபகம் வந்தது.

பிறகு சட்டத்துக்கு வந்தாள். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, பிரிவு பதினொன்று. போனில் தேடிப் படித்து, தனக்குப் புரிந்த தமிழில் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது குற்றம். போதுமான தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் தராமல் இருப்பது குற்றம்.

"இதுல உரிமையாளர்னா வாங்கினவங்க மட்டும் இல்லையாம் தம்பி. அப்போதைக்கு யார் பொறுப்புல இருக்கோ அவங்களும் உரிமையாளர்தானாம். சட்டத்துலயே போட்டிருக்கு. அதையும் ஒரு வரி சேத்துக்கங்க."

ஹாதி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "யார் பொறுப்புல இருக்குன்னு தெரியுமாக்கா?"

"பொறுப்பாளர்னு போட்டுப் பக்கத்துல இடம் விட்டிருங்க. பேரப் பின்னால எழுதிக்கலாம்."

தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தாள். முதல் பாதியிலேயே விரல் நின்றது.

"இங்கன ஒரு நம்பர் மாறிருச்சு தம்பி. நூத்தி நாப்பத்தேழு இல்ல, நூத்தி எழுபத்திநாலு." குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "பதினஞ்சு வருசமா நம்பரத்தான பாக்குறேன், அது மட்டும் எனக்குத் தப்பாது."

திருத்திக் கொடுத்தான். அவள் தாளை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னைக்கு எனக்கு நாகாச்சிப் பக்கம் வேலை இருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷன்ல குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன கையோடு ஹாதி ஷட்டரை இறக்கிவிட்டு பைக்கை எடுத்தான்.

வழக்கமாக அவன் அந்த வீட்டுக்குப் பொழுது சாய்ந்துதான் போவான். சந்துக்குள் நுழையும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்வான். கம்பி இடைவெளியில் சோற்றைக் கரண்டியால் தள்ளிவிட்டு, தூரத்தில் நின்றே ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சிவிட்டுத் திரும்பிவிடுவான். இரண்டு நிமிஷ வேலை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால். தொழுகைக்குப் போகிறவன் எதற்கு வம்பு என்று தள்ளியே நின்று பழகிவிட்டான். அதன் முகத்தை நேராகப் பார்த்ததாகக்கூட அவனுக்கு நினைவில்லை.

இன்று மூச்சை விட்டுவிட்டு, கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வெள்ளை நாய் என்று மனுவில் அடித்திருந்தான். வெள்ளை எங்கேயும் இல்லை. முதுகு வில்லாக வளைந்து, மேல்கம்பி உரசிய இடத்தில் முடி உதிர்ந்து தோல் புண்ணாகியிருந்தது. நகங்கள் வளர்ந்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. தகரத்தின் சூடு அவன் நெற்றியிலேயே அடித்தது. ஆள் வந்ததைப் பார்த்து அது வாலை ஆட்டப் பார்த்தது. ஆட்ட இடமில்லாமல் வால் கம்பியில் டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

ஹாதி அங்கேயே நின்று கத்தாருக்கு போன் போட்டான். இஃப்திகார் வேலையிடத்திலிருந்து பேசினான்.

"மனுவா? நாய்க்கா? ஃபைன் எவ்வளவுன்னு பாத்தியா மாப்ள?"

"அம்பது ரூவா வரைக்கும்னு போட்டிருக்கு மச்சான்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அம்பது ரூவாய்க்கா இந்த வெயில்ல நின்னு பேசிக்கிட்டிருக்க? நான் இப்பவே அனுப்புறேன், கட்டிட்டு வேலையப் பாரு. நாயி அங்கனயே கிடக்கட்டும்."

ஹாதிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் மர்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், நம்பரை மாற்றி அடித்ததையும் சேர்த்து. மர்வா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"காக்காவுக்குத்தான் தெரியாது, தூரத்துல இருக்காக. உங்களுக்குமா தெரியல?" அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"தொடக்கூடாதேன்னு தள்ளி நின்னேன்."

"தொட்டா கழுவிக்கிறதுக்கு மார்க்கத்துல வழி சொல்லியிருக்கு. வாயில்லாத ஜீவனத் தண்ணியில்லாமப் போட்டதுக்கு எந்த வழியில கழுவுவீங்க?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாவிய எடுங்க. நானும் வாரேன்."

கூண்டுப் பூட்டு துருவேறிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சாவியை அசைத்து அசைத்து ஒருவழியாகத் திறந்தார்கள். கதவைத் திறந்து வைத்தும் நாய் வெளியே வரவில்லை. கதவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாதது போல் கம்பிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மர்வா ஒரு தட்டில் மீன் கலந்த சோற்றை வைத்து, நாலடி தள்ளி உட்கார்ந்து, அண்ணன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "டைசன், டைசன்." ஹாதி அந்தப் பெயரை அதுவரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து முன்னங்கால் ஒன்று வெளியே வந்தது. பிறகு மெல்ல மெல்ல மொத்த உடம்பும். நிற்கப் பார்த்துப் பின்னங்கால் மடங்கி விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. நாலாவது தடவை நின்றது. நின்றபடியே உடம்பை நீட்டி நெளித்தது. அது அவ்வளவு பெரிய நாய் என்று அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. தள்ளாடி வந்து, சோற்றைத் தாண்டி, ஹாதியின் கையில் ஈர மூக்கை வைத்தது.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது போதும் என்று நகரும்வரை அப்படியே இருந்தான். பிறகு மர்வா தண்ணீர் ஊற்ற, மண் ஒரு தடவை, வெறும் தண்ணீர் ஆறு தடவை என்று கழுவிக்கொண்டான். எண்ணி முடித்தபோது ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனான். நாயைத்தான் வெளியே விட்டாயிற்றே, மனுவை நிறுத்திவிடலாம் என்பதுதான் அவன் எண்ணம். உள்ளே எஸ்.எஸ்.ஐ. பொன்னுச்சாமி முன்னால் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பொன்னுச்சாமிக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மனுவை ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"ஏம்மா, இதுக்கு அபராதம் பத்து ரூவாயிலேருந்து அம்பது ரூவா. தெரியுமா?"

"தெரியும் சார்."

"இதுல நாங்களா நேரா கேஸ் போட முடியாது. மாஜிஸ்ட்ரேட்கிட்ட அனுமதி வாங்கணும். டாக்டர் சர்டிபிகேட் வாங்கணும். நீ ரெண்டு மூணு நாள் லீவு போட்டு வரணும். அம்பது ரூவாய்க்கு இவ்வளவும் தேவையா?"

மாரிச்செல்வி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு சார் இந்தச் சட்டம் போட்டு. அன்னைக்கு அம்பது ரூவா பெரிய ரூவாயா இருந்திருக்கும். காச விடுங்க. அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கட்டியே போட்டிருக்கிற நாய நடக்க விடணும்னு எழுதியிருக்காக. அந்தக் காலத்துலயே யாரோ உக்காந்து ஒரு நாயோட காலப் பத்தி யோசிச்சிருக்காக சார். நாலு எழுத்துப் படிச்ச நாம அத எடுத்துப் பாக்கக்கூட இல்லன்னா எப்படி?"

பொன்னுச்சாமி மனுவைப் புரட்டினார். "உனக்கு நாய்ன்னா ரொம்பப் பிரியமோ?"

"பயம் சார்."

சொல்லிவிட்டு அவள் இடது கையை மேசை மேல் நீட்டினாள். முழங்கைக்குக் கீழே தையல் போட்ட தழும்பு நீளமாக ஓடியது. "காலுல இன்னும் ரெண்டு இருக்கு. மூணு தடவை ஊசி போட்டிருக்கேன். இந்தக் குடையே அதுக்குத்தான், மழைக்கு இல்ல. நாய் உள்ள வீட்டு கேட்டத் திறக்கும்போது இன்னைக்கும் இத முன்னால நீட்டிக்கிட்டுத்தான் காலெடுத்து வைப்பேன்."

"அப்புறம் எதுக்கும்மா?"

"என்னையக் கடிச்ச மூணுமே வருசக்கணக்காக் கட்டிப்போட்ட நாய் சார். என்னைக்கோ ஒருநாள் சங்கிலி அறுந்து வந்து கடிச்சது. தெருவுல திரியிற நாயி ஒண்ணுகூட என்னை இதுவரைக்கும் தொட்டதில்ல. மூணாவது தடவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதுதான் அத யோசிச்சேன்."

"கூண்டு அளவெல்லாம் எழுதியிருக்கியே, கண்ணளவா?"

"டேப்பு வச்சு அளந்தேன் சார். பயத்துல டேப்பு நழுவி மொதல்ல ஒரு அளவு, அடுத்து ஒரு அளவு வந்துச்சு. அதனால மூணு தடவ அளந்தேன்."

வாசலில் நின்ற ஹாதிக்கு அந்தச் சந்து கண்முன்னால் வந்தது. கூண்டின் அகலத்தை அளக்க வேண்டுமென்றால் நாயின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கையை வைக்க வேண்டும். தினமும் ஐந்து வேளை தொழுகிற, திடகாத்திரமான அவன் கரண்டியின் நீளத்துக்குத் தள்ளி நின்ற இடம் அது. தழும்பு ஏறிய கையோடு இந்தப் பொம்பளை அங்கே உட்கார்ந்து மூன்று தடவை டேப் பிடித்திருக்கிறாள். வழியெல்லாம் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் அவனுக்கு மறந்துபோயிற்று.

"சார், அந்த நாயைப் பாத்துக்கிற ஆளு நான்தான்" என்று சொல்லி உள்ளே வந்தான்.

பொன்னுச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பஸ் ஸ்டாண்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற பாய்தான?"

"ஆமா சார். இந்த மனுவை அடிச்சதும் நான்தான்." மேசை மேலிருந்த பேனாவை எடுத்து, பொறுப்பாளர் என்று அடித்து விட்டிருந்த காலி இடத்தில் அப்துல் ஹாதி என்று எழுதினான். கீழே போன் நம்பரையும் எழுதினான். பிறகு மாரிச்செல்வியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் தம்பி. அந்த வீட்டு கரண்டு பில் மெசேஜ் உங்க நம்பருக்குத்தான வருது. எங்ககிட்ட எல்லாம் பதிவாயிருக்கும்."

"தெரிஞ்சேவா என் கடைக்கு வந்தீங்க?"

"நேரா வந்து சொல்லியிருந்தா, பாத்துக்கிறேன்க்கான்னு சொல்லி அனுப்பியிருப்பீங்க. டைப் அடிக்கிறதுன்னா ஒவ்வொரு வார்த்தையாப் படிச்சாகணும்ல. அதான்."

ஹாதிக்கு முகம் சுட்டது. நம்பரை மாற்றி அடித்தபோது இவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்தான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொன்னுச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எழுதின கேஸை எழுதினவனே ஒத்துக்கிறத இத்தன வருசத்துல இப்பத்தான் பாக்குறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். கால்நடை மருத்துவரை வரச் சொல்லிவிட்டு, தானே புதுமடத்துக்குக் கிளம்பினார். அங்கே கூண்டைத் தன் கையால் ஒருமுறை அளந்தார். மனுவில் இருந்த அளவேதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் மாரிச்செல்வியை நீ என்று பேசவில்லை, வாங்கம்மா போங்கம்மா என்றுதான் பேசினார்.

அன்று ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஹாதிக்கு ஒரு கோபமும் இருந்தது. கேட்டும் விட்டான். "நாயத்தான் வெளிய விட்டுட்டேனேக்கா. இனிமேலும் எதுக்குக் கோர்ட்டு வரைக்கும்?"

"நேத்து விட்டீங்க, சரி. நாளைக்கு உங்க மச்சான் போன்ல சத்தம் போட்டா என்ன செய்வீங்க? எனக்காக விட்டீங்கன்னா, நான் மாத்தலாகிப் போன அன்னைக்கு அது திரும்பக் கூண்டுக்குள்ள போயிரும். உங்கள ஜெயிலுக்கு அனுப்பணும்னு எனக்கு ஆசையில்ல தம்பி. இப்படி அடைக்கக்கூடாதுன்னு ஒரு கோர்ட்டு சொல்லி, அது தாள்ல இருக்கணும். அவ்வளவுதான்."

ஆறு வாரம் கழித்து ராமநாதபுரம் கோர்ட்டில் வழக்கு வந்தது. ஹெல்மெட் போடாதவர்கள், லைசென்ஸ் இல்லாதவர்கள் என்று நீண்ட வரிசை. மாரிச்செல்வி லீவு போட்டுவிட்டு, ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஹாதியின் பெயரைக் கூப்பிட்டு, நாயைக் கூண்டில் அடைத்த வழக்கு என்று படித்ததும் அறையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் ஒரு இளம் பெண். அவர் சிரித்தவர் பக்கம் பார்த்தார். சிரிப்பு நின்றது. மருத்துவர் சான்றையும் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேதி போட்டு எழுதியிருந்த பக்கத்தில் வெகுநேரம் நிறுத்தினார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேம்மா."

"இப்ப நாய் எப்படி இருக்கு?"

"ஓடுதும்மா" என்றான்.

ஐம்பது ரூபாய் அபராதம். மூன்று வருஷத்துக்குள் திரும்ப இதே குற்றம் நடந்தால் அபராதத்தோடு போகாது, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு என்று மாஜிஸ்ட்ரேட் நிதானமாகச் சொன்னார். பிறகு சட்டத்தின் அந்த மூன்று வரிகளை, அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். ஹெல்மெட் வழக்குக்கு வந்தவர்கள்கூடக் கவனித்துக் கேட்டார்கள். ஹாதி திரும்பிப் பார்த்தான். மாரிச்செல்வி நோட்டைத் திறந்து, மாஜிஸ்ட்ரேட் படித்ததோடு தான் எழுதியிருந்த தமிழைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

இஃப்திகாருக்கு விஷயம் எட்டியது. தன் பெயர் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது என்று தங்கையோடு இரண்டு வாரம் பேசவில்லை. மர்வாவும் விட்டுப் பிடித்தாள். காம்பவுண்டுக்குள் வேப்பமர நிழலில் நாய்க்கு ஒரு கொட்டகை போட்டார்கள். சுற்றுச்சுவருக்குள் அது கட்டில்லாமல் திரிந்தது. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வரும் ஹாதி, அதற்கென்று வைத்திருந்த பழைய கைலியைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டிப் போவான். முதல் வாரம் வள்ளங்கள் நிற்கும் இடம் வரைக்கும்தான் அதனால் நடக்க முடிந்தது. ஒரு மாதத்தில் அவன் அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒருநாள் கத்தாரிலிருந்து போன் வந்தது. காவலுக்கென்று புதிதாக மாட்டச் சொல்லியிருந்த வீட்டு கேமராவில் பார்த்தானாம். சிறிது நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, "மாப்ள, அது நல்லா ஓடுதுல்ல" என்றான் இஃப்திகார். அதற்கப்புறம் தினமும் கேமராவில் அதைத்தான் பார்க்கிறான் என்று மர்வா சொன்னாள்.

ஊரிலும் பேச்சு பரவியது. ஐம்பது ரூபாய் கேஸ் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்தான். ஆனாலும் வெல்டிங் பட்டறைக்காரர், நாய்க்கூண்டு கேட்டு வந்த ஒருவரிடம், நாய் வளந்தா எவ்வளவு உசரம் வரும்னு கேட்டுட்டு வாங்க, அப்பத்தான் செய்வேன் என்று திருப்பி அனுப்பினார். ரீடிங் எடுக்கிற தேதி நெருங்கியதும் கிழக்குத் தெருவில் சங்கிலிகள் நீளமாயின, தண்ணீர்ச் சட்டிகள் நிறைந்தன. பயத்தில் செய்கிறார்கள் என்று ஹாதி மர்வாவிடம் சொன்னான். பயத்துல வச்சாலும் நாய் குடிக்கும்ல என்றாள் மர்வா.

ஜூன் மாத ரீடிங்குக்கு மாரிச்செல்வி வந்த அன்று ஹாதி அந்த வீட்டில்தான் இருந்தான். டைசன் கேட்டில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து நின்று, தெரு அதிரக் குரைத்தது. அவள் ஐந்தடி தள்ளியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, ஒரு ரெண்டு நிமிசம் பிடிச்சுக்கிறீங்களா?"

அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். அவள் சுவரோரமாகவே நடந்து, மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். திரும்பும்போது நாயைச் சற்று நின்று பார்த்தாள். நிமிர்ந்த முதுகு, முடி வளர்ந்து மூடிய புண், தேய்ந்த நகம் என்று ஒவ்வொன்றாகக் கண் போயிற்று. தொட வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை, தொடவும் இல்லை. "நல்லாருக்கு" என்றாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை வீட்டுல நாய் இருக்குக்கா?"

"இந்தத் தெருவுலயா? ஒம்போது. கடற்கரை வரைக்கும்னா இருபத்தாறு." யோசிக்காமல் சொன்னாள்.

பதினைந்து வருஷமாக இவள் இந்த இருபத்தாறு கேட்டுகளையும் இதே குடையோடு திறந்திருக்கிறாள். திறந்துவிட்டு, தன் பயத்தைத் தாண்டி உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறாள். ஹாதி நாயை விட்டுவிட்டுக் கையைக் கழுவினான். மனு அடிக்க வரச் சொல்லியிருந்தவருக்குப் போன் போட்டு, கடை திறக்க மதியம் ஆகும் என்று சொன்னான்.

"நீங்க பின்னாலயே வாங்கக்கா. நான் முன்னால போயி கேட்டத் தட்டி நாயப் பிடிக்கச் சொல்லுறேன்."

"உங்களுக்கு எதுக்குத் தம்பி அந்த வேலை? கடை கிடக்கும்ல."

"கடை எங்கனயும் போகாது" என்று சொல்லிக்கொண்டே அவன் அடுத்த வீட்டை நோக்கி நடந்தான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். அன்றைக்கு அந்தத் தெருவின் ஒன்பது கேட்டுகளையும் தட்டியது ஹாதிதான். ஏழாவது வீட்டில், வீட்டுக்காரர் கேஸுக்குப் பயந்து சங்கிலியை அவசரமாக அவிழ்த்து, நாயைக் கையில் பிடித்துக்கொள்வதைப் பார்த்து அவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். பதினைந்து வருஷத்தில் குடையை அவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரீடிங் எடுத்தது அன்றுதான்.